குதிரையிடம் வாங்கிய கடன்

பயோகெமிஸ்ட்ரி வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குளோபுலின்னா என்னப்பா?"

படித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "ரத்தத்தோட பிளாஸ்மாவில் இருக்கிற புரதம் சார். ஆல்ஃபா, பீட்டா, காமான்னு மூணு வகை சார். ஆல்ஃபாவுல ஒண்ணு, ரெண்டுன்னு..." அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சரிப்பா, அது இல்லேன்னா என்ன ஆகும்?"

முழித்தேன். அவரும் கொஞ்ச நேரம் என் முழியைப் பார்த்துவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குக் கிடைத்தது. அதுவும் ராஜபாளையத்தில், மாமா வீட்டுத் தெருவில், என் தம்பி கையிலிருந்து ரத்தம் ஒழுகியபோது ஆரம்பித்தது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். மாமா வீடு ராஜபாளையம். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும். ராஜபாளையம் என்றால் நாய். மாமா வீட்டிலும் ஒன்று உண்டு. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஸ் கலரில், 2005-ல் தபால் துறை ஸ்டாம்ப் வெளியிட்டதே, அதே ஜாதி. எனக்கும் தம்பிக்கும் அதைக் கண்டால் உதறும். தெருவில் நின்று "மாமா, கட்டியிருக்கா?" என்று கத்தி, பதில் வந்த பிறகுதான் கேட்டைத் திறப்போம்.

ஆனால் கடித்தது அது இல்லை. 2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தம்பி அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். தெருமுனைக் கடைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனவன், அங்கே படுத்திருந்த ஒரு தெருநாய்க்குட்டிக்கு பிஸ்கட் நீட்டியிருக்கிறான். முழங்கைக்குக் கீழே நன்றாகப் பதிந்து நாலு பல் தடம். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். அத்தை மஞ்சள் தூளை எடுத்து அப்பினார். பயோகெமிஸ்ட்ரி படிக்கிற நான் என்ன செய்தேன்? "அழாதடா, அழாதடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

மாமா பைக்கில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனார். டிடி ஒன்று, நாய்க்கடித் தடுப்பூசி ஒன்று. மேலே இறுக்கமாக ஒரு கட்டு. (அந்தக் கட்டுத்துணியும் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்ததாகத்தான் இருக்கும். பேண்டேஜ் துணிக்கு அந்த ஊர் அவ்வளவு பிரசித்தம்.) "குட்டி நாய்தானே, பயப்படாதீங்க. செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசிக்கு வாங்க" என்றார்கள். நாங்களும் பயப்படாமல் மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டோம்.

திங்கட்கிழமை ராத்திரி. எனக்கு இம்யூனாலஜியில் ஒரு அரியர் பாக்கி இருந்தது (சிரிக்காதீர்கள்). பழைய நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம், உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்புச் சக்தி. வலது பக்கம், வெளியிலிருந்து ரெடிமேடாக வாங்கிக்கொள்ளும் எதிர்ப்புச் சக்தி. வலது பக்கத்தின் அடியில் என் கையெழுத்திலேயே எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டிருந்தேன்: 'உதாரணம்: வெறிநாய்க்கடிக்கு ரேபீஸ் இம்யூனோகுளோபுலின்.'

இரண்டு மார்க் கேள்வி. பரீட்சையில் எழுதிக்கூட இருக்கிறேன். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சனிக்கிழமை தம்பிக்கு இடது பக்கத்து ஊசியைப் போட்டார்கள். வலது பக்கத்து ஊசி எங்கே?

நர்சிங் படிக்கிற சீனியர் அக்கா ஒருவருக்கு போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"அப்ப அது மூணாம் வகைக் கடி. வெறும் தடுப்பூசி பத்தாதுடா. காலையில முதல் வேலையா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. குளோபுலின் போட்டீங்களான்னு கேட்டா, இல்லேன்னு தெளிவாச் சொல்லு."

ஏன் பத்தாது? தடுப்பூசி என்பது உடம்புக்குக் காட்டுகிற ஒரு போட்டோ மாதிரி. 'இந்த மூஞ்சி உள்ள ஆள் வருவான், பிடி' என்று சொல்கிறது. உடம்பு அந்தப் போட்டோவைப் பார்த்து, ஆள் சேர்த்து, ஆயுதம் செய்து முடிக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ரேபீஸ் கிருமியோ கடித்த இடத்தில் நரம்புக்குள் ஏறிவிட்டால், அந்த வழியாகவே மெதுவாக மூளையை நோக்கிப் போகும். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும்; சில பேருக்குச் சீக்கிரமே போய்விடும். போய்ச் சேர்ந்து நோய் தெரிய ஆரம்பித்தால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆகவே நம் ஆள் தயாராகும் வரை அந்தப் புண்ணிலேயே கிருமியை மடக்க, ஏற்கனவே தயாராக இருக்கிற வேறு யாருடைய ஆயுதமாவது வேண்டும். அந்த ஆயுதம்தான் இம்யூனோகுளோபுலின். ஆன்டிபாடி என்று சொல்கிறோமே, அதேதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "முதல் ஊசி என்னைக்கு?" "சனிக்கிழமை சார்." விரல் விட்டு எண்ணினார். "மூணு நாள். ஏழு நாளுக்குள்ள வந்துட்டீங்க, போடலாம். முதல் நாளே போட்டிருக்கணும்."

ஏழு நாளுக்கு ஏன் அந்தக் கணக்கு? ஏழாம் நாளுக்கு மேல் உடம்பு தன் சொந்த ஆன்டிபாடியைச் செய்ய ஆரம்பித்திருக்கும். அப்போது வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொட்டினால் அந்த வேலையைக் கெடுக்கும். கடன் வாங்குவதற்கும் ஒரு கெடு இருக்கிறது.

தம்பியை மிஷினில் ஏற்றி எடை பார்த்தார்கள். 30 கிலோ. குதிரையிலிருந்து எடுத்த மருந்து என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் 20 யூனிட் என்பது அளவு. இவனுக்குக் குதிரை. 30 பெருக்கல் 40, 1200 யூனிட். ஒரு மில்லியில் 300 யூனிட் இருக்கும் மருந்து, ஆக நாலு மில்லி. அலர்ஜி ஏதாவது வந்தால் கொடுக்க அட்ரினலினை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

இதை இடுப்பிலோ புஜத்திலோ போடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். புண்ணுக்குள்ளேயே போட்டார்கள். நாலு பல் தடத்திலும், சுற்றியும், ஊசியைக் குத்திக் குத்தி. கிருமி எங்கே இருக்கிறதோ அங்கேதானே ஆயுதம் போய்ச் சேர வேண்டும். எனக்கு இப்போது புரிகிறது. தம்பிக்கு அப்போது புரியவில்லை. "அண்ணே, விடச் சொல்லுண்ணே" என்று அவன் கத்திய கத்து வராந்தா முழுக்கக் கேட்டது. நான்தான் அவன் கையை அழுத்திப் பிடித்திருந்தேன். அம்மா வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை ராத்திரி மாமா போன் பண்ணினார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார். "மாப்ளே... அந்தக் குட்டி நேத்து செத்துப்போச்சாம்ப்பா. கடைக்காரர் சொன்னார்."

வெறியா, வண்டியில் அடிபட்டதா, பட்டினியா, யாருக்கும் தெரியாது. யாரும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. முனிசிபாலிட்டி வண்டியிலா, குப்பையிலா, எங்கே போயிற்று என்றும் தெரியாது. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை போன நாலு மில்லி மட்டும் இல்லையென்றால், அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

சரி, எக்ஸாமினரின் கேள்விக்கு வருவோம். அது இல்லேன்னா என்ன ஆகும்?

முதலில், அது என்ன? எங்கள் லேபில் முட்டை வெள்ளைக்கருவை வைத்து ஒரு பிராக்டிகல் உண்டு. அம்மோனியம் சல்ஃபேட் உப்புக் கரைசலைச் சம அளவு ஊற்றினால் ஒரு பகுதி புரதம் திரிந்து கீழே இறங்கும். அது குளோபுலின். வடிகட்டிவிட்டு மேலும் உப்பைக் கரையும் மட்டும் போட்டால் மிச்சம் இறங்கும். அது ஆல்புமின். சுத்தமான தண்ணீரில் சரியாகக் கரையாது, கொஞ்சம் உப்பு இருந்தால் கரையும், உப்பு கூடினால் முதலில் திரியும். குளோபுலினுக்கு ஆரம்பத்தில் இருந்த அடையாளமே அவ்வளவுதான். 1937-ல் ஸ்வீடனில் ஆர்னே டிசேலியஸ் என்பவர் சீரத்துக்குள் மின்சாரம் செலுத்தி, புரதங்கள் ஓடும் வேகத்தை வைத்துக் குளோபுலினை ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பிரித்துக் காட்டினார். 1948-ல் கெமிஸ்ட்ரி நோபல் அவருக்கு.

நம் ரத்த ரிப்போர்ட்டில் 'டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், குளோபுலின்' என்று மூன்று வரி வரும், பார்த்திருப்பீர்கள். 100 மில்லிக்கு மொத்தம் 6 முதல் 8 கிராம், அதில் குளோபுலின் சுமார் 2 முதல் 3.5 கிராம். இதில் ஒரு வேடிக்கை. பெரும்பாலான லேபில் குளோபுலினை யாரும் நேராக அளப்பதே இல்லை. மொத்தத்தை அளப்பார்கள், ஆல்புமினை அளப்பார்கள், கழித்து வருகிற மிச்சத்தைக் குளோபுலின் என்று எழுதிவிடுவார்கள்.

அந்த மிச்சத்துக்குள் ஒரு ஊரே இருக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் என்ற பீட்டா குளோபுலின், இரும்புச் சத்தைச் சுமந்து எலும்பு மஜ்ஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஹேப்டோகுளோபின், உடைந்த சிவப்பணுவிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினைப் பொறுக்கி எடுக்கிறது. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின், நம் வெள்ளையணுக்கள் விடும் என்சைம் நம் நுரையீரலையே அரித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தைராய்டு ஹார்மோனைச் சுமப்பதற்கென்றே ஒரு குளோபுலின். இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல். காமா மட்டும் வேறு. பி செல் என்ற வெள்ளையணுக்கள் வளர்ந்து பிளாஸ்மா செல்லாக மாறி அதைச் செய்கின்றன. ஆன்டிபாடிகள் பெரும்பாலும் இருப்பது அந்தக் காமாவில்தான்.

காமா மட்டும் இல்லாமல் போனால்? 1952-ல் அமெரிக்காவில் ஆக்டன் புரூட்டன் என்ற டாக்டர் எழுதினார். எட்டு வயதுப் பையன். நிமோனியா கிருமி ரத்தத்தில் கலந்து திரும்பத் திரும்பச் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறான். அவன் சீரத்தை டிசேலியஸ் முறையில் ஓடவிட்டுப் பார்த்தால் ஆல்புமின் இருக்கிறது, ஆல்ஃபா இருக்கிறது, பீட்டா இருக்கிறது, காமா இருக்க வேண்டிய இடம் காலி. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதாமாதம் ஊசியாகப் போட்டதும் அந்த நோய்கள் நின்றன. எக்ஸாமினர் சார், அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்தப் பையன்தான்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அப்பத்தா மாடு வளர்த்தவர். எங்கள் ஊரில் பால் வியாபாரம் தெரியாத தெரு உண்டா? அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதென்னடா பெரிய விஷயம். கன்னுக்குச் சீம்பால் குடுக்கிறதில்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதக் குழந்தைக்குத் தாயின் ஐஜிஜி என்ற குளோபுலின் வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். மாட்டுக்கு அந்த வழி கிடையாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அதன் பங்கு முழுவதையும் தாய்ப்பசு மடியில், சீம்பாலில் வைத்திருக்கிறது. சாதாரணப் பாலில் லிட்டருக்கு ஒரு கிராம்கூடத் தேறாத இம்யூனோகுளோபுலின், முதல் சீம்பாலில் ஐம்பது கிராமுக்கு மேலும் இருக்கும். கன்றின் குடல் அதை அப்படியே முழுசாக ரத்தத்துக்குள் விடுவதும் பிறந்த முதல் ஒரு நாளைக்குத்தான். பிறகு கதவு மூடிவிடும். இங்கேயும் கெடு!

சீம்பாலை வெல்லம் போட்டு அவித்தால் கட்டியாக உறைகிறதே, சாதாரணப் பால் ஏன் அப்படி உறைவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததே இல்லை, தின்றிருக்கிறேன் :-) சூட்டில் உறையக்கூடிய குளோபுலினும் அதைச் சேர்ந்த புரதங்களும் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால்தான். "கன்னு வயிறு நெறஞ்ச பொறகு மிச்சத்தைத்தான் நாம எடுக்கணும்" என்று அப்பத்தா சொல்வது வெறும் இரக்கம் இல்லை, சரியான பயோகெமிஸ்ட்ரி. அதே அப்பத்தா, "பிள்ளை பெத்தவளோட முதப் பாலை மட்டும் பீச்சிக் கீழ விட்டுட்டு, சேனை வைப்போம்" என்றார். அந்த மஞ்சள் பாலில்தான் குடலைக் காக்கிற ஐஜிஏ நிறைந்திருக்கிறது. கன்றுக்குக் கொடுத்ததை ஏன் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "எங்களுக்கு யாருடா சொன்னா" என்றார்.

வாங்கிய எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும் என்று மனிதன் கண்டுபிடித்தது 1890-ல். ஜெர்மனியில் பேரிங், ஜப்பானிலிருந்து வந்திருந்த கிடசாடோ இருவரும், நோயை எதிர்த்து நின்ற விலங்கின் சீரத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் தப்பிக்கிறது என்று காட்டினார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே 1901-ல் பேரிங்குக்கு அதற்காகத்தான். அதன் பிறகு சீரம் எடுக்கக் குதிரைகள் வந்தன. பெரிய உடம்பு, நிறைய ரத்தம்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு உதாரணம் பாம்புக்கடி மருந்து. செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கு விரியனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் குளோபுலினைப் பிரித்தெடுத்தால் அதுதான் மருந்து.

ரேபீஸில் இதற்கு ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 1954, ஈரானில் ஒரு கிராமம். வெறிபிடித்த ஓநாய் ஒன்று 29 பேரைக் கடித்தது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்ட 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தடுப்பூசியோடு சீரமும் போட்ட 13 பேரில் இறந்தது ஒருவர். இந்தக் கணக்கைப் படித்தபோது அந்த 5 பேரில் ஒருவனாக என் தம்பி சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் இருந்திருக்கிறான் என்பதுதான் என் மண்டையில் ஓடியது.

யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. கிளினிக்கில் சொல்லவில்லை, உண்மைதான். இரண்டு மார்க்குக்கு எழுதத் தெரிந்த நானும் சொல்லவில்லையே. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே வரிசையாகப் போடுகிறேன். பரீட்சைக்கு வேண்டாம், ஞாபகத்துக்கு.

கடித்த உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள், காபித் தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். குட்டியா, வீட்டு நாயா, பூனையா என்று பார்த்து அலட்சியம் செய்யாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு "குளோபுலின் வேண்டுமா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். முன்பே முழுசாகத் தடுப்பூசி போட்டவர்களுக்கு அது தேவைப்படாது. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். குளோபுலின் போட்டாயிற்று என்று மீதித் தடுப்பூசிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஏனென்றால் கடன் கடன்தான். நம் சொந்த ஐஜிஜியே மூன்று வாரத்தில் பாதியாகக் கரையும். குதிரையுடையது அதைவிடச் சீக்கிரம் போய்விடும். அது வாங்கித் தருவது கொஞ்ச நாள் அவகாசம்தான். அந்த அவகாசத்துக்குள் நம் உடம்பு தன் சொந்தச் சரக்கைச் செய்து முடிக்க வேண்டும். அதற்குத்தான் மீதி ஊசிகள்.

தம்பி எல்லா ஊசியையும் தேதி தவறாமல் போட்டுக்கொண்டான். நன்றாக இருக்கிறான். என் அரியரும் போய்விட்டது. குதிரை விஷயத்தைச் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு ஒரே பெருமை. கொஞ்ச நாள் முன்னால்கூடக் கேட்டான்.

"அண்ணே, இன்னும் என் உடம்புல குதிரை ஓடுதா?"

"இல்லடா, அது அப்பவே போயிருச்சு. இப்ப இருக்கிறது உன்னோடது."

கொஞ்சம் ஏமாந்துதான் போனான்.